மூன்றாம் ஒழுங்கையில் அந்த ஜெர்மன்காரர்

எங்கள் பகுதியில் ஆட்டோவில் பேக்கரிப் பாண் விற்கும் தம்பிமார் ஒரு சங்கம் அமைத்திருக்கிறார்கள். சங்கம் என்றால் மலர் போட வேண்டும். மலர் என்றால் மூத்தவர் ஒருவர் கட்டுரை எழுத வேண்டும். மூத்தவர்களில் மூன்று பேர் மவுத்தாகிவிட்டார்கள். ஒருவர் கத்தாரில் மகனோடு இருக்கிறார். மீதி நான்.

"பாவா காக்கா, ஒங்கட அனுபவத்த எழுதித் தாங்க. எளம் ஆக்களுக்குப் பிரயோசனமா இரிக்கும்" என்று செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார்.

அவருடைய ஆட்டோவில் இப்போது பாட்டு கைத்தொலைபேசியிலிருந்து வருகிறது. திங்கட்கிழமை ஒரு பாட்டு, செவ்வாய்க்கிழமை வேறு பாட்டு. வெள்ளிக்கிழமை ஒரு பெண் குரல் "சூடான, சுவையான பாண் இதோ உங்கள் வாசலில்" என்று, ஊரில் ஒருவரும் கதைக்காத தமிழில் அறிவிக்கிறது. இவ்வளவு முன்னேறியவர்களுக்கு என் அனுபவம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பாண் விற்கும் தொழிலை ஒரு வரியில் எழுதிவிடலாம்: பாணை ஏற்றிக்கொண்டு ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போ. மீதிப் பக்கங்களை நிரப்ப வேண்டுமே என்பதற்காக, இருபது வருடம் நான் யாருடைய மெட்டைப் போட்டுப் பாணும் பணிசும் விற்றேனோ, அந்த மனிதரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் ஒரு ஜெர்மன்காரர். பெரிய இசை மேதையாம். பெயரை எனக்கு மூன்று தரம் சொல்லித் தந்தார்கள். மூன்று தரமும் என் வாயில் வேறு ஆளாகிவிட்டார். ஆகவே பெயரை விட்டுவிடுவோம். அவருடைய மெட்டை இந்த நாட்டில் கேட்காதவர் இல்லை. ஒழுங்கை ஒழுங்கையாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு போகும் பாண் ஆட்டோவுக்கு 'சூன் பாண்', அதாவது 'டியூன்' பாண், என்று பெயர் வந்ததே அவரால்தான். அந்தப் புண்ணியம் அவருக்குச் சேர்ந்ததா என்று தெரியாது.

பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று உம்மா ஊரில் சொல்லித் திரிந்தா. மருதமுனையில் ஒரு கைத்தறியில் இருந்தேன், நூல் அறுந்துகொண்டே இருந்தது. சவளக்கடைப் பக்கம் ஒரு போடியாரின் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனேன், வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. பிறகு சைக்கிளுக்குப் பின்னால் மரப்பெட்டி கட்டி, கையில் ரப்பர் ஹோர்னோடு பாண் விற்கத் தொடங்கினேன். ஏழு வருடம் 'பாம், பாம்'. அதற்கு இசையமைத்தவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. நிம்மதியான காலம்.

பேக்கரி முதலாளி கலீல் ஹாஜியார். அவர் வேலையாட்களை ஒரு நாளும் ஏசியதில்லை என்பது ஊர் முழுக்கத் தெரிந்த நற்குணம். அவர் பாணை ஏசுவார். விற்காமல் திரும்பிய தட்டை முன்னால் வைத்தால், ஒரு பணிசை எடுத்து உள்ளங்கையில் வைத்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அதைப் பார்ப்பார்.

"என்ன மகன், திரும்பி வந்திட்டியா? ஒன்ன ஒருத்தருக்கும் காட்டல்லையா? ஒன்ன ஏத்திக்கிட்டுப் போன ஆள் எந்த மரத்துக்குக் கீழ நித்திர கொண்டவர்?"

நான் ஒரு முழத் தூரத்தில் நிற்பேன். பணிசுக்குப் பதில் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் என்னிடம் கேட்கவில்லையே. ஒரு தடவை ஒரு ரோஸ்பாணிடம் அவர் கேட்ட கேள்விகளைத் தாங்க முடியாமல் மா குழைக்கும் தம்பி ஒருவர் வேலையை விட்டே போனார். ஹாஜியார் கவலைப்பட்டார். "அவர நான் ஒரு சொல்லுச் சொல்லல்லயே" என்றார். உண்மைதான்.

அவர் ஆட்டோ வாங்கிப் பின்னால் கண்ணாடிப் பெட்டி பொருத்தியபோது, என்ன பாட்டுப் போடுவது என்று பெரிய ஆலோசனை நடந்தது. இஸ்லாமிய கீதம் போடலாம் என்று ஒருவர் சொன்னார். "நபிட பேரச் சொல்லி மாலுபாண் விக்கிறதா?" என்று ஹாஜியார் பாண் சுடும் போறணையைப் பார்த்துக் கேட்டார். போறணை பேசாமல் இருந்தது. சினிமாப் பாட்டென்றால் பள்ளிவாசலில் கேள்வி வரும். கடைசியில் பார்த்தால், ஒலிபெருக்கியோடு வந்த சின்னப் பெட்டிக்குள் ஏற்கெனவே ஒரு மெட்டு இருந்தது. அதில் சொல் இல்லை, ஆகவே பாவம் இல்லை. யாருடையது என்று தெரியாது, ஆகவே யாருக்கும் கோபம் இல்லை. அந்த ஜெர்மன்காரர் கல்முனைக்கு வந்து சேர்ந்த வரலாறு இவ்வளவுதான்.

இனி, செயலாளர் தம்பி கேட்ட பிரயோசனமான பகுதி. சுபஹ் தொழுதுவிட்டு வந்ததும் ஏற்ற வேண்டும். அச்சுப்பாண் அடித்தட்டில், ரோஸ்பாண் அதற்கு மேல், பணிஸ் நடுவில், மீன் வைத்த மாலுபாண் கண்ணுக்கு நேராக மேல்தட்டில். சூடான பாணைக் கண்ணாடியோடு ஒட்டி வைக்கக் கூடாது. கண்ணாடி வியர்த்துவிடும், உள்ளே இருப்பது தெரியாது. தெரியாத பாணை ஒருவரும் வாங்க மாட்டார். பின்கதவை இரண்டு விரல் அளவு திறந்துவைத்து, முதலாம் ஒழுங்கை முடியும்வரை ஆவியைப் போக விட வேண்டும். மாலையில் அஸருக்கு முன் இரண்டாம் சுற்று, அதே முறை.

சூனை எங்கே நிறுத்துவது என்பது தனிப் படிப்பு. பாங்கு சொன்னால் நிறுத்த வேண்டும். பாண்டிருப்புப் பக்கம் கோயிலில் பூசை மணி கேட்டால் நிறுத்த வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும், பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். மையத்து வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால் நிறுத்தி, இரண்டு வீடு தாண்டிப் போட வேண்டும். ஆனால் இடையில் மிக மெதுவாகப் போக வேண்டும், ஏனென்றால் மையத்து வீட்டில்தான் பாண் கூடுதலாகப் போகும்.

முதலாம் ஒழுங்கையில் டொரத்தி மிஸ் இருந்தார். பறங்கியர். கன்னியாஸ்திரிமார் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் மேலைத்தேய சங்கீதம் படிப்பித்தவர். என்னை விட இரண்டு வயது இளமை. கலியாணம் முடிக்கவில்லை, தனியே இருந்தார். ஒரு நாளைக்கு அரை றாத்தல் பாண்.

அவருடைய ஒழுங்கைக்குள் நான் முதன்முதலாகப் போன அன்றே, பாணைக் கையில் வாங்கிக்கொண்டு, "பாவா, இதில ஒரு பிழை இருக்கு" என்றார்.

பாணைத் திருப்பிப் பார்த்தேன். கருகவில்லை. என்றாலும் வேறு பாண் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாளும் "பிழை இருக்கு" என்றார். நானும் ஒவ்வொரு நாளும் அவருக்கென்று ஒன்றைப் பொறுக்கி வைத்துக் கொடுத்தேன். மூன்று மாதம் ஊரிலேயே நல்ல பாண் அவருக்குத்தான் கிடைத்தது. ஒரு நாள் பொறுமை போய், "பாணில இல்ல பாவா. பாட்டில" என்றார்.

"பாட்டிலயா மிஸ்?"

"மேல ஏறுற இடத்தில ஒரு சுரம் அரைப்படி கீழ நிக்குது. அதோட பாட்டு முடியவும் இல்ல. நடுவில வெட்டிப்போட்டுத் திரும்பவும் முதலில இருந்து தொடங்குது. அந்த மனிசன் கதைக்கத் தொடங்குற இடத்தில நீங்க அவர்ர வாயப் பொத்துறீங்க."

நான் ஆட்டோவில் ஏறி, சூனைப் போட்டு, காதைக் கொடுத்துக் கேட்டேன். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது. பாணில் பிழை இல்லை என்று தெரிந்ததே போதும் என்று அன்றிலிருந்து அவருக்கும் கைக்கு வந்த பாணைக் கொடுக்கத் தொடங்கினேன்.

இப்படிப் பல வருடம் போனது. பிறகு மூன்றாம் ஒழுங்கைக்கு மஜீத் சேர் வந்து சேர்ந்தார். காணிக் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்று, கடற்கரைப் பக்கம் புது வீடு கட்டிக் குடிவந்தவர். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அஸர் வரைக்கும் படுப்பார். வேலையில் இருந்த காலத்துப் பழக்கம் என்று ஊரில் சொன்னார்கள், நான் அதற்குப் பொறுப்பில்லை. நான் அந்த ஒழுங்கைக்குள் திரும்புவதும் அவர் கண் மூடுவதும் ஒரே நேரம். இரண்டு தரம் வாசலுக்கு வந்து ஏசினார். மூன்றாம் தரம் ஏசவில்லை, முறைப்பாடு எழுதினார்.

மத்தியஸ்த சபையிலிருந்து கடிதம் வந்தது. சின்னச் சண்டைகள் கோட்டுக்குப் போகுமுன் பேசித் தீர்த்து வைக்கும் சபை அது. ஊரில் மூன்று பெரியவர்கள் இருந்து விசாரிப்பார்கள். தீரவில்லை என்றால் கோட்டு.

ஹாஜியார் கடிதத்தை வாசித்துவிட்டு ஓர் அச்சுப்பாணை எடுத்தார். "கேட்டியா மகன், கோட்டுக்குப் போற ஆளிட கையில நான் ஆட்டோவக் குடுத்து வைக்க ஏலாது" என்று அதனிடம் சொன்னார்.

பாண் கேட்டதோ என்னவோ, நான் கேட்டேன். அந்த நேரம் என் இரண்டாவது மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு இல்லாமல் மாப்பிள்ளை வீட்டாரோடு கதைக்க வாய் திறக்க முடியாது. சுவர் ஜன்னல் நிலைக்கு மேலே வந்து நின்றது. கூரை அந்த ஆட்டோவை நம்பி நின்றது. மாப்பிள்ளையின் உம்மா ஒவ்வொரு கிழமையும் அந்தப் பக்கத்தால் சும்மா நடந்துபோய், சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவா.

நான் டொரத்தி மிசிடம் போனேன்.

"மிஸ், இது சத்தம் இல்ல, பெரிய ஆள் போட்ட சங்கீதம் எண்டு சபையில வந்து ஒருக்காச் சொல்லுவீங்களா?"

"வாறன். ஆனா பாவா, என்னட்ட என்ன கேட்டாலும் நான் உண்மையத்தான் சொல்லுவன்."

"உண்மைதானே மிஸ் எங்களுக்கும் வேணும்" என்றேன். என் வாயிலிருந்து அந்த வசனம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

சபை ஒரு பள்ளிக்கூடத்தில், சனிக்கிழமை கூடியது. முதலாம் வகுப்பு அறை. எல்லோரும் குழந்தைக் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தோம். தலைவர் இஸ்மாயில் மாஸ்டர், ஓய்வுபெற்ற அதிபர். அவருக்கு நியாயம் பிழைத்தாலும் பரவாயில்லை, தமிழ் பிழைக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு மௌலவியும் பழைய தபால் அதிபர் ஒருவரும் உறுப்பினர்கள்.

மஜீத் சேர் எழுந்தார். "எனக்குப் பிரஷர் இரிக்கி. இந்தச் சத்தத்தில நித்திர இல்ல. அதோட இந்தப் பாட்டு முடியிறதும் இல்ல. பாதியில நிண்டு திரும்பத் தொடங்குது, பாதியில நிண்டு திரும்பத் தொடங்குது. எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ அடைச்சி நிக்கிற மாதிரி இரிக்கி."

வாழ்க்கை முழுக்கக் காணிக் கோப்புகளோடு இருந்தவர் முடிவு வேண்டும் என்று கேட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு டொரத்தி மிஸ். கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றதும் ஆள் மாறிவிட்டார். சபை வகுப்பாகிவிட்டது. அந்த ஜெர்மன்காரரின் வாழ்க்கையைச் சொன்னார். தகப்பன் சங்கீதக்காரர், குடிகாரர். சின்ன வயதிலேயே அடித்து அடித்துப் பியானோ படிப்பித்தாராம். பிறகு வேறு நகரத்துக்குப் போய்ப் பெரிய பெயர் எடுத்தாராம். பெயர் எடுத்துக்கொண்டிருக்கும்போதே காது கேட்காமல் போகத் தொடங்கியதாம்.

"காது கேளாதா?" என்றார் தபால் அதிபர். "அப்ப எப்படிப் பாட்டுப் போட்டவர்?"

"மனதுக்குள்ள கேட்டு எழுதினவர். கடைசிக் காலத்தில ஒரு பெரிய கச்சேரி முடிஞ்சு சனம் கை தட்டுது, அவருக்குத் தெரியா. ஆராரோ பிடிச்சுத் திருப்பிக் காட்டினதுக்குப் பிறகுதான் கண்டவர்."

காது கேளாதவரின் பாட்டு, நித்திரை வராதவரின் முறைப்பாடு. இதில் யார் பக்கம் சாய்வது என்று சபைக்குத் தெரியவில்லை.

"குடும்பம்?" என்றார் மௌலவி.

"முடிக்கல்ல. கோபக்காரர். வீட்டுக்காரரோட சண்டை பிடிச்சுப் பிடிச்சு வீடு மாறிக்கொண்டே இருந்தவர். இந்தப் பாட்டு ஒரு பொம்பிளைக்கு எழுதினது. அவ ஆரெண்டு நிச்சயமாத் தெரியா. அவர்ர கையெழுத்து விளங்காம, எடுத்து எழுதினவர் பேர மாத்தி எழுதிப்போட்டார் எண்டும் சொல்லுறாங்க."

இஸ்மாயில் மாஸ்டர் தலையை ஆட்டினார். "கையெழுத்து முக்கியம். நான் எத்தின தரம் சொல்லியிரிக்கன்."

மிஸ் தொடர்ந்தார். அந்த மனிதர் பெரிய விசயம் ஒன்றையும் எடுக்க மாட்டாராம். பக்கத்துப் பக்கத்துச் சுரம் இரண்டு. வாசல் படலைக்குப் போவதும் திரும்பி வருவதுமாக, போகவா நிற்கவா என்று ஒருவர் யோசிக்கிற மாதிரி. அதையே விடாமல் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு முடிவுக்கு வருவாராம். "அழகா, மெதுவாப் போய்க்கொண்டே இருப்பார். நீங்க சாஞ்சு இருந்து கேட்டுக்கொண்டு இருப்பீங்க. திடீரெண்டு அடிப்பார். சொல்லிப்போட்டு அடிக்க மாட்டார். அதுதான் அவர்ர பாணி."

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். மகளின் வீட்டுக்கு ஓடு போடுவதா, தகரம் போடுவதா என்றுகூட யோசிக்கத் தொடங்கினேன். அப்போதுதான் மாஸ்டர், "நல்லது. அந்த இசையை நாமும் ஒருமுறை செவிமடுப்போமே" என்றார்.

ஆட்டோவை வகுப்பு வாசலுக்குக் கொண்டுவந்து சூனைப் போட்டேன். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "மிஸ், நீங்கள் சொன்ன மேதையின் இசை இதுதானே?" என்று கேட்டார்.

ஓம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். மிஸ் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை மன்னிப்புக் கேட்டது, அதைக் கண்டவுடனே எனக்கு விளங்கிவிட்டது.

"இல்ல சேர். இது அவர்ர இல்ல. இதில ஒரு சுரம் பிழை. அவர் எழுதினதில ஒரு துண்டுதான் இதில இருக்கு. இத அவர்ர எண்டு சொன்னா அவருக்குச் செய்யிற துரோகம்."

மஜீத் சேரே வாயைத் திறந்துகொண்டு இருந்தார். இவ்வளவு நல்ல சாட்சி அவருக்கு வாழ்க்கையில் கிடைத்திருக்காது, அதுவும் எதிர்த் தரப்பிலிருந்து.

மாஸ்டர் இணக்கப் பத்திரத்தை எழுதினார். பிழையானதும் குறையானதுமான இசையை நிறுத்தி, பிழையற்றதும் முழுமையானதுமான இசையை அளவான சத்தத்தில் ஒலிக்கச் செய்ய இரு தரப்பும் இணங்குவதாக இருந்தது அது. 'முடியிற பாட்டெண்டா எனக்கு ஆட்சேபணை இல்ல' என்று மஜீத் சேர் கையெழுத்து வைத்தார். நானும் வைத்தேன். கோட்டுக்குப் போகாமல் தப்பினேன். போயிருந்தால் நல்லது என்று பிறகுதான் தெரிந்தது.

முழுப் பாட்டையும் மிஸ் ஒரு பென் டிரைவில் போட்டுத் தந்தார். மின்சார வேலை செய்யும் ஒருவரைப் பிடித்து, பெட்டியை மாற்றி, நிறுத்தவும் விட்ட இடத்திலிருந்து தொடங்கவும் ஒரு பொத்தான் வைத்தேன். முழுப் பாட்டு மூன்று நிமிடம். பாண் ஆட்டோ ஒரு நிமிடத்தில் ஒரு ஒழுங்கையைத் தாண்டும். ஆட்கள் வாங்க வந்தால் பாட்டை நிறுத்துவேன், அவர்கள் போனதும் தொடருவேன். ஆக, அந்த மேதையின் படைப்பு எங்கள் ஊரில் காணி பிரித்த மாதிரிப் பிரிந்தது. முதல் பகுதி முதலாம் ஒழுங்கைக்கு, நடுப் பகுதி இரண்டாம் ஒழுங்கைக்கு, மூன்றாவது பகுதி மூன்றாம் ஒழுங்கைக்கு.

முதலாம் ஒழுங்கையில் பழைய மெட்டுத்தான், ஆனால் சரியான மெட்டு. ஆட்கள் வந்தார்கள், ஆனால் முகத்தைச் சுளித்துக்கொண்டு. "பாவா காக்கா, ஒங்கட சூன் எங்கேயோ பிழைச்சிட்டு. ரிப்பேர் பண்ணுங்க" என்றாள் தாஜுன்னிசா என்ற பிள்ளை. பிறந்ததிலிருந்து அந்தப் பிழையைக் கேட்டு வளர்ந்தவள். டொரத்தி மிஸ் மட்டும் படலையில் கையை வைத்துக்கொண்டு, பாண் வாங்க மறந்து நின்றார்.

இரண்டாம் ஒழுங்கையில் அந்த மனிதருக்குத் திடீரென்று சந்தோசம் வந்துவிடும். விரல்கள் ஓடும், துள்ளும். பிள்ளைகள் ஐஸ்கிரீம் வண்டி என்று நினைத்து ஓடி வந்தார்கள். பாண் என்று தெரிந்ததும் என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் ஒழுங்கையில் அவர் அடிக்கத் தொடங்குவார். இடது கை கீழே ஒரே சுரத்தைத் தட்டும். தம், தம், தம், தம் என்று விடாமல், யாரோ கதவைத் தட்டுவதுபோல. அதற்கு மேலே வலது கை ஒவ்வொரு படியாக ஏறி ஏறி நெருங்கி வரும். முதல் நாள் ஒழுங்கைக்குள் திரும்பினேன், தம், தம் என்று தொடங்கியது. வேலியோடு கதைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கதையை நிறுத்தினார்கள். ஒரு வீட்டில் ஜன்னல் சாத்தினார்கள். ஒரு நாய் எழுந்து, என்னைப் பார்த்து, குரைக்காமல் போய்விட்டது. கடைசி வீட்டுப் பாத்தும்மா ராத்தா தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தா.

"பாவா, ஆரு மவுத்து?"

"ஒருத்தரும் இல்ல ராத்தா. பாண்."

அவ என்னை நம்பவில்லை. பாணும் வாங்கவில்லை.

மூன்றாம் ஒழுங்கையின் பங்கு அப்படியே திரும்பி வந்தது. நான்காம் நாள் ஹாஜியார் தட்டிலிருந்து ஒரு பணிசை எடுத்தார். நீண்ட நேரம் பார்த்தார். "மகன், மூணாம் ஒழுங்கையில ஒனக்கு என்ன நடந்த?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு, என் வேலைக் காலத்தில் ஒரே ஒரு தடவையாக, தலையை உயர்த்தி என்னையே பார்த்தார்.

"பாவா."

"ஹாஜியார்?"

"இந்தப் பணிஸ் பயந்து போயிரிக்கி."

பணிசோடு கதைக்கும்போது அவரை எனக்குத் தெரியும். என்னோடு நேரே கதைத்தால் என்ன அர்த்தம் என்று தெரியாமல் அன்று தட்டுகளை இரண்டு தரம் கழுவினேன்.

இரண்டு கிழமை இப்படிப் போனது. ஒரு நாள் மூன்றாம் ஒழுங்கை முனையில் மஜீத் சேர் சாரத்தோடு நடுரோட்டில் நின்று கையைக் காட்டினார். ஏசப்போகிறார் என்று ஆட்டோவை ஓரம் கட்டினேன். அவர் ஏசவில்லை. முகம் ஒரு மாதிரி இருந்தது.

"பாவா, சபைக்குத் திரும்பப் போவம்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அதே குழந்தைக் கதிரைகள். மஜீத் சேர் எழுந்து, கரும்பலகையைப் பார்த்தபடி கதைத்தார்.

"மாஸ்டர், அந்தப் பாட்டில ஒரு அடிக்கிற இடம் இரிக்கி. அது எங்கட ஒழுங்கையிலதான் வருகுது. படுத்துக் கிடக்கிறன். அந்த இடம் வந்தா எழும்பி இரிக்கிறன். பாட்டு அடிக்குதா, எண்ட நெஞ்சு அடிக்குதா எண்டு தெரியுதில்ல. எங்கட வாப்பா மவுத்தான நேரம், ஆஸ்பத்திரியில நான் பக்கத்தில இருந்தன். அதெல்லாம் வருகுது. பொறகு படுக்க ஏலாது. போய்க் கைகால் கழுவி வுழூ எடுத்திட்டு, பாங்குக்கு முந்தியே பள்ளியில போய் இரிக்கிறன்."

"அது நல்லதுதானே" என்றார் மௌலவி.

"நல்லதுதான். ஒவ்வொரு நாளும் ஏலாது." மஜீத் சேர் குரலைத் தாழ்த்தினார். "பழைய பிழையே எனக்குப் போதும். அது நித்திரைய மட்டுந்தான் கெடுத்த."

மாஸ்டர் பேனாவை எடுத்தார். பிழையான இசையையே தொடரலாம் என்று ஒரு சபை எழுத்தில் கொடுப்பது எப்படி என்று யோசித்தார் போல. 'பிழைய' என்று தொடங்கிவிட்டு, கொஞ்சம் நின்று, 'பி'யின் மேல்விலங்கை வெட்டி, 'பழைய இசையே தொடரலாம்' என்று முடித்தார். தமிழுக்கும் பங்கமில்லை, உண்மைக்கும் பங்கமில்லை. சபையின் மூவரும் கையெழுத்து வைத்தார்கள். அந்த வருடமே மகளின் வீட்டுக்கு ஓடு போட்டேன். மாப்பிள்ளையின் உம்மா அண்ணாந்து பார்ப்பதை நிறுத்தி, உள்ளே வந்து தேநீர் குடித்தா.

ஆனால் அந்தச் சனிக்கிழமை எனக்கு இன்னொரு வேலை மிச்சம் இருந்தது. பழைய பெட்டியைப் பொருத்திக்கொண்டு, முதலாம் ஒழுங்கைக்குள் சூனைப் போடாமல் போய், டொரத்தி மிசின் படலையில் நிறுத்தினேன். அரை றாத்தல் பாணைக் கொடுத்தேன். விசயத்தைச் சொன்னேன். மிஸ் கோபிப்பார் என்று நினைத்தேன். சாட்சி சொன்ன விசயத்தில் நானும் கொஞ்சம் கோபத்தோடுதான் இருந்தேன், ஆக இரண்டும் சரியாகிவிடும் என்று கணக்கு.

மிஸ் கோபிக்கவில்லை. "மூணாம் ஒழுங்கையில என்ன நடந்தது? சரியாச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ஜன்னல் சாத்தியதை, நாய் போனதை, பாத்தும்மா ராத்தா மவுத்து கேட்டதை. மஜீத் சேர் வுழூ எடுத்ததைச் சொன்னபோது மிஸ் பாணைப் படலைத் தூணில் வைத்துவிட்டார்.

"பயந்தாரா?"

"ஓம் மிஸ். நல்லாப் பயந்திட்டார்."

மிஸ் ஒழுங்கையின் பக்கம் திரும்பினார்.

"முப்பது வருசத்துக்கு மேல படிப்பிச்சன் பாவா. எத்தினையோ பிள்ளைகள் அந்த இடத்த வாசிச்சிருக்கு. பரீட்சைக்கு வாசிச்சு நல்ல புள்ளியும் எடுத்திருக்கு. ஒரு பிள்ளையும் பயப்படல்ல. வாசிச்சுக் காட்டின நானும் பயப்படல்ல. பிழை விடாம வாசிச்சம், அவ்வளவுதான்." பாணை எடுத்துக்கொண்டார். "அவர்ர பாட்ட இந்த ஊரில உண்மையாக் கேட்டது மூணாம் ஒழுங்கைக்காரர்தான்."

உள்ளே போகத் திரும்பியவர் நின்று, "நீங்க?" என்று கேட்டார்.

"எனக்கென்ன மிஸ், நான் பாண்காரன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கிளப்பினேன்.

அது பொய். இந்த மலரை மிஸ் வாசிக்கப் போவதில்லை, இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். ஆகவே எழுதலாம். அந்த இரண்டு கிழமையும், பாண் விற்காது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, மூன்றாம் ஒழுங்கைக்குள் திரும்பியதும் அந்தத் தட்டல் தொடங்கும் இடத்தில், நான் ஒவ்வொரு நாளும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.